ஐசியூ வாசலில் நிற்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

நோயாளியோ நெருங்கிய உறவினரோ மறுத்தால் ஐசியூவில் சேர்க்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை கூறுகிறது. 24 வல்லுநர்கள் தயாரித்தது அது. உறுப்பு செயலிழப்பு, உறுப்புகளுக்குக் கருவியின் துணை தேவைப்படுதல், உடல்நிலை மோசமாகும் வாய்ப்பு ஆகியவை சேர்ப்பதற்கான காரணங்கள். சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்த இறுதிக்கட்ட நோயாளியைச் சேர்க்க வேண்டியதில்லை என்றும் அது சொல்கிறது. அதாவது, முடிவில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பங்கைச் செய்யும் அறிவு நம்மிடம் இருக்கிறதா?

மகாராஜபுரம், வத்திராயிருப்பு போன்ற ஊர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அரசு மருத்துவமனை. பிறகு 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. தனியார் ஐசியூவுக்குப் போனால் சில நாட்களில் நகை அடகுக்குப் போகிறது. பணம் தீர்ந்ததும், 'நாங்களே அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிழைக்க வாய்ப்புள்ளவரையும் சிலர் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யும் முன், அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வருமா என்று கேட்பது கடமை. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது.

நோயை விடப் பெரிய ஆபத்து

ஐசியூவில் மூல நோய் மட்டுமே உயிரைப் பறிப்பதில்லை. வெண்டிலேட்டர் குழாய் வழியே கிருமி இறங்கி நிமோனியா வரும். சிறுநீர்க் குழாயும் ஊசிக் குழாயும் ரத்தத்தில் தொற்றை உண்டாக்கலாம். அசையாமல் கிடப்பதால் படுக்கைப்புண் வரும், தசை கரையும். இரவு பகல் தெரியாத அறையில் புத்தி தடுமாறி, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போகும். வீடு திரும்பிய பின்னும் பலவீனமும் மறதியும் பல மாதங்கள் நீடிக்கலாம்.

இவற்றில் பலவற்றைப் பராமரிப்பால் குறைக்கலாம். தலைப்பகுதியை உயர்த்தி வைத்தல், வாயைச் சுத்தம் செய்தல், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், கை கால்களை அசைக்கப் பயிற்சி. இவை நடக்கின்றனவா என்று பணிவோடு கேளுங்கள். நோயாளியின் கண்ணாடியையும் காது கருவியையும் கொடுக்க அனுமதி கேளுங்கள். பழகிய குரலில் பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய நற்செயல்தான். ஆனால் ஜமாஅத்தாகத் திரண்டு ஐசியூவுக்குள் நுழைவது நோயாளிக்குக் கிருமியைக் கொண்டு போகும். ஒருவர் கை கழுவிவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் வெளியிலிருந்து துஆ செய்யட்டும், செலவுக்கு உதவட்டும்.

கருவியை அகற்றலாமா?

மும்பை கே.இ.எம். மருத்துவமனை செவிலியர் அருணா ஷான்பாக், 1973-ல் தாக்கப்பட்டு 42 ஆண்டுகள் உணர்விழந்த நிலையில் கிடந்தார். சக செவிலியர்கள் அவரைப் படுக்கைப்புண் இல்லாமல் காத்தார்கள். 2015-ல் நிமோனியாவால் இறந்தார். அவரது வழக்கில்தான் 2011-ல் உச்ச நீதிமன்றம் முதன்முறையாக, நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த வழி திறந்தது. 2018 மார்ச் 9 தீர்ப்பு அதை உறுதி செய்தது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இப்போது தலா மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஆராய்ந்து ஒப்ப வேண்டும். குடும்பத்தின் சம்மதமும் வேண்டும்.

மார்க்கத்தில் கருணைக்கொலைக்கு இடமில்லை. ஆனால் மூளை முழுமையாகச் செயலிழந்து, இனி மீளாது என நிபுணர்கள் உறுதி செய்தால் கருவியை அகற்றலாம் என்று 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. நீதிமன்றத்தின் அனுமதி இதைவிட விரிவானது. எனவே சட்டம் அனுமதிப்பது எல்லாம் ஃபத்வா ஆகிவிடாது. மருத்துவரிடம் உண்மை நிலையைத் தெளிவாகக் கேட்டு, பிறகு ஆலிமிடம் ஆலோசியுங்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் மருத்துவம் அறிந்த ஒருவர், காப்பீட்டு நடைமுறை அறிந்த ஒருவர், ஓர் ஆலிம் என மூவர் இதற்கென இருந்தால், பதற்றத்தில் தவறான தாளில் கையெழுத்துப் போடும் நிலை வராது. பைத்துல்மாலின் பணமும் உரிய நேரத்தில் உரிய இடம் சேரும். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக.