கடல் வழிவிடும் தீவு!

‘கடல் உள்வாங்கியது’ என்று செய்தி வந்தாலே பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் உள்ள ஒரு சின்னக் கிராமத்துக்கு அது தினமும் இரண்டு முறை நடக்கிற சாதாரண சங்கதி. கடல் உள்வாங்கினால்தான் அங்கே பாதையே திறக்கும்!

அந்தக் கிராமத்தின் பெயர் கிளாடடஃப். ஐரிஷ் மொழியில் ‘கறுப்புக் கடற்கரை’ என்று பொருள். கால்வே நகரிலிருந்து சுமார் 80 கி.மீ தூரத்தில் இருக்கிறது கிளிஃப்டன் என்ற சிற்றூர். அங்கிருந்து இன்னும் பத்து கி.மீ-க்குச் சற்று அதிகமாகப் போனால் கிளாடடஃப். ஒரு தேவாலயம், ஒரு பப், அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள்... அவ்வளவுதான் ஊர். எதிரே இருக்கிறது ஓமி தீவு.

கடல் ஏறியிருக்கும்போது ஓமியைச் சுற்றித் தண்ணீர். வற்றியதும் இரண்டுக்கும் நடுவே அகலமான மணல்வெளி. வழி தவறாமலிருக்க அம்புக்குறியிட்ட கம்பங்களை நட்டிருக்கிறார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தே போகலாம், காரிலும் போகிறார்கள். கோடையில் ஒருநாள் இதே மணலில் குதிரைப் பந்தயமும் நடக்கிறது.

ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் பாதை திறக்கும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை நம்பி இன்று இறங்கினால் ஆபத்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகமாக வற்றும். அதே அளவுக்கு ஏறவும் செய்யும்.

தீவுக்குள் புல்வெளி, நடுவில் ஓர் ஏரி, கரையோரம் வெண்மணல். ஏழாம் நூற்றாண்டில் புனித ஃபெஹீன் இங்கே மடம் அமைத்ததாக வரலாறு. அவர் பெயரில் ஒரு புனிதக் கிணறு இருக்கிறது. இளஞ்சிவப்புக் கருங்கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று மணலுக்குள் புதைந்து கிடந்தது. 1981-ல்தான் அதைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். இன்றும் அது பள்ளத்துக்குள்தான் நிற்கிறது.

1840-களின் பெரும் பஞ்சத்துக்கு முன்பு இங்கே ஏறக்குறைய 400 பேர் வாழ்ந்தார்கள். பஞ்சத்தில் பாதிக்குப் பாதி குறைந்தது. பிறகு ஒவ்வொரு குடும்பமாக வெளியேறியது. கடைசியாக நிரந்தரமாகத் தங்கியிருந்தவர் ஒரே ஒருவர். மல்யுத்த வீரராகவும் சினிமா ஸ்டன்ட் கலைஞராகவும் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பிறந்த தீவுக்கே திரும்பி ஒரு கேரவனில் வாழ்ந்த மனிதர். 2017-ல் அவரும் காலமானார்.

ஓமிக்கு இலங்கைத் தொடர்பும் உண்டு. ஐரிஷ் கவிஞர் ரிச்சர்ட் மர்ஃபி 1970-களில் இந்தத் தீவில் கருங்கல்லால் அறுகோண வடிவில் ஓர் எழுத்துக்கூடம் கட்டினார். கொழும்பின் கடைசி பிரிட்டிஷ் மேயர் அவருடைய அப்பா. சிறுவயதில் இலங்கையில் வளர்ந்த மர்ஃபி, கடைசிக் காலத்தையும் அங்கேயே கழித்து, 2018-ல் கண்டியில் மறைந்தார்.

வீடுகள் காலியானாலும் ஓமியை ஊர் கைவிடவில்லை. அக்கம்பக்கத்து மக்களை இன்றும் தீவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்கிறார்கள். இறுதி ஊர்வலமும் மணலைக் கடந்துதான் போக வேண்டும். பாதிரியாரும் உறவினர்களும் நேரம் குறிப்பதற்கு முன்பு கடலிடம் கேட்டாக வேண்டும்!

சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கும் அதே சட்டம்தான். அன்றைய வற்றம் எப்போது என்று அட்டவணையில் பார்த்துக்கொண்டு, கிராமத்திலும் ஒருமுறை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. நிதானமாக நடந்தால் ஓரிரண்டு மணி நேரத்தில் தீவைச் சுற்றிவிடலாம். கடை எதுவும் கிடையாது. குடிநீர், சாப்பாடு, மழைக்கோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் தாமதமாகிவிடும். மணலில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால், ‘முழங்கால் அளவுதானே’ என்று இறங்கவே கூடாது. மேட்டில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். வீட்டுக்குத் தாமதமாகப் போகலாம், தப்பில்லை. கடல் எப்படியும் மறுபடி வழிவிடும்.