பூ பார்க்க வந்தவர்களும் பூ வளர்த்த சம்சாரியும்

ஆடி பிறந்து பத்து நாள் ஆனால் போதும். சுந்தரபாண்டியபுரத்துச் சாலையோரங்களில் மாலை நான்கு மணிக்கு மேல் கார்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கேரளப் பதிவெண் கொண்டவை நிறைய. குற்றாலத்தில் குளித்த ஈரத் துண்டு பின் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருக்கும். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்ட கையோடு, புளியரை வழியாக மலையேறுவதற்கு முன் ஒரு மணி நேரம் பூ பார்த்துவிட்டுப் போகலாம் என்று குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சேலைத் தலைப்பையும் குழந்தைகளின் தொப்பியையும் பிடுங்கும். எதிரே ஏக்கர் கணக்கில் சூரியகாந்தி. அதற்குப் பின்னால் நீலமாக மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருக்கும் சூரியன்.

அங்கே கவனித்துப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புலப்படும். அந்தப் பூக்கள் சூரியனைப் பார்ப்பதில்லை. சூரியகாந்திச் செடி இளசாக இருக்கும்வரைதான் காலையில் கிழக்கும் மாலையில் மேற்குமாகத் தலையைத் திருப்பும். பூ முழுதாக விரிந்த பிறகு தண்டு முற்றி, முகம் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். கிழக்கு பார்த்த பூ காலை வெயிலில் சீக்கிரம் சூடாகிறது; சூடான பூவைத் தேடித் தேனீக்கள் அதிகம் வருகின்றன; அதனால் மணி நன்றாகப் பிடிக்கிறது. சுந்தரபாண்டியபுரத்தில் அந்தி நேரத்தில் மேற்கு பார்த்து நிற்பவருக்குப் பூவின் முகமும் மலையும் சூரியனும் ஒரே நேர்கோட்டில் கிடைப்பது இதனால்தான். படம் அழகாக வருவதற்கும், அதை எடுக்க ஆட்கள் வயலுக்குள் இறங்குவதற்கும் அதே நேர்கோடுதான் காரணம்.

ஊர் படத்துக்குப் புதிதல்ல. 1992-ல் வந்த ‘ரோஜா’வின் நாயகிக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். 2005-ல் ‘அந்நியன்’ பாட்டுக்காக நடிகர்களின் முகங்களை வரைந்த பாறையை இன்றும் ‘அந்நியன் பாறை’ என்றே சொல்கிறார்கள். பாறையில் யார் யார் முகம் இருந்தது என்று வந்தவர்களுக்கு வரிசையாகத் தெரியும். தாங்கள் நிற்கும் வயல் யாருடையது என்று கேட்பவர்தான் குறைவு.

இந்த அந்திக்கு ஒரு விலை இருக்கிறது என்று சொன்னால் இங்கே பலர் முகம் சுளிப்பார்கள். சூரியன் மறைவதற்கு யாராவது காசு வாங்குவார்களா? உலகின் இன்னொரு மூலையில் தினமும் வாங்குகிறார்கள். பார்படாஸ், அன்டிகுவா, செயின்ட் லூசியா, அரூபா என்று கரீபியன் தீவுகள் பலவற்றில், மாலையானால் கேட்டமரான் எனப்படும் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் போகும். இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம். இரண்டு உடல்களுக்கு நடுவே கட்டிய வலையில் படுத்தபடி, பழச்சாறு கலந்த ரம்மைக் கையில் வைத்துக்கொண்டு, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். ஓர் ஆளுக்கு எழுபது, நூறு டாலர் வரை கட்டணம். கோடி ஆண்டுகளாக இலவசமாக மறைந்துகொண்டிருக்கும் சூரியனுக்கு முன்னால் ஓர் இருக்கை போட்டதற்கு அந்தப் பணம்.

அந்தப் படகின் பெயரைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குள் போய், மீனோடு திரும்பி, கட்டை அவிழ்த்து மணலில் காயப்போடும் கட்டுமரத்தின் பெயர் அது. 1697-ல் லண்டனில் வெளியான தன் பயணநூலில் வில்லியம் டாம்பியர் இந்த மரத்தைப் பற்றி எழுதினார். சொல் ஆங்கிலத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இரட்டை உடல் என்ற அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. நம் கட்டுமரத்துக்கு இரண்டு உடல் கிடையாது. 1876-ல் அமெரிக்காவின் நத்தானியல் ஹெரஷாஃப் கட்டிய ‘அமரிலிஸ்’ போன்ற பந்தயப் படகுகளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் அங்கே உல்லாசப் படகாகச் செழித்துவிட்டது. இங்கே, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகளுக்கு நடுவே, பெயருக்குரிய மரம் பல கரைகளில் காணாமல் போயிற்று.

கோப்பையில் இருக்கும் ரம்முக்கும் தமிழர் கைக்கும் தொடர்பு உண்டு. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவிலும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவிலும் இந்திய ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் கொண்டுபோய் இறக்கியது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து அதன் பின்னும் கப்பல்கள் போயின. குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். தமிழ் பேசியவர்கள் அவர்களில் பெரும்பங்கு. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள், பெரும்பாலானோர் திரும்பவில்லை. அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் அங்கே ‘மாலியமின்’ ஆனாள். மசாலா ‘கொலம்போ’ என்ற பெயரில் அந்தத் தீவுகளின் சொந்தச் சமையலாகிவிட்டது. ஆனால், அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட வாக்குரிமை எளிதில் கிடைக்கவில்லை. குவாதலூப்பின் ஹென்றி சிதம்பரம் 1904-ல் தொடங்கிய வழக்கு 1923-ல்தான் முடிவுக்கு வந்தது. கரும்பு வெட்டியவர்கள், ஆலையில் சாறு பிழிந்தவர்கள், அந்தச் சாற்றிலிருந்து வடித்த ரம்மின் லாபத்தில் பங்கு பெறவே இல்லை.

கரீபியன் அந்தியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அழகுக்கு விலை வைப்பதை அந்தத் தீவுகள் நன்றாகக் கற்றிருக்கின்றன. அந்த அழகு நிற்கும் மண்ணில் உழைத்தவருக்கு விலையில் எவ்வளவு போகிறது என்ற கேள்விதான் அங்கே நூற்றெழுபது ஆண்டுகளாகத் தொடர்கிறது. சுந்தரபாண்டியபுரத்தின் நிலைமை இதைவிடக் கடினம். இங்கே விலையே இல்லை. ஆனால் உழைப்பு இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது.

மலையை யாரும் செய்யவில்லை, சூரியனையும் யாரும் செய்யவில்லை. ஆனால் அந்த மஞ்சள், ஒரு சம்சாரி வைகாசியில் உழுது, விதை வாங்கி, ஊன்றி, களை பறித்து, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, கிளி விரட்டி உண்டாக்கியது. பூ பார்க்கும்படி இருப்பது இரண்டு வாரம், கூடிப்போனால் மூன்று வாரம். அந்த இரண்டு வாரத்தில்தான் மணி பிடிக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தில்தான் ஆட்களும் வருகிறார்கள். ஒரு செடிக்கு ஒரு பூ. அதை மடக்கிப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொள்ளும்போது தண்டு ஒடிந்தால் அந்தச் செடியின் வருமானம் அங்கேயே முடிந்தது. மிளகாயைப் போலவோ கத்தரியைப் போலவோ அடுத்த பறிப்பு கிடையாது. ஒடித்துக் கையில் எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மணியைக் கிள்ளி, பூவின் நடுவில் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2025–26 பருவத்துக்குச் சூரியகாந்தி விதைக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய். நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு ஏறத்தாழ நான்கு குவிண்டால். ஆதரவு விலை முழுதாகக் கிடைத்தாலே ஏக்கருக்கு முப்பத்தோராயிரம் ரூபாயைத் தொடாது. உழவு, விதை, உரம், ஆட்கூலி எல்லாம் அதற்குள். இப்போது வேறொரு கணக்கு: சாலையை ஒட்டிய ஓர் ஏக்கருக்கு நாளொன்றுக்கு நூறு பேர் வருகிறார்கள், ஆளுக்கு இருபது ரூபாய் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நாளில் முப்பதாயிரம் ரூபாய். மொத்த விளைச்சலுக்குச் சமமான தொகை. ஆளுக்கு இருபது ரூபாய் என்பது ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுதான். மிதித்த செடிக்கு ஈடுகட்டிய பிறகும் சம்சாரி கையில் மிச்சம் நிற்கும்.

‘கிராமத்தில் போய்ப் பூவுக்கு டிக்கெட்டா?’ என்ற கேள்வி வரும். குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்துப் படகுக் குழாமில் சீசன் தோறும் சீட்டு வாங்கித்தான் மிதிபடகில் ஏறுகிறோம். அங்கே யாரும் இதைக் கேட்பதில்லை. கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டையில், ஊட்டி போகும் வழியில் பூந்தோட்டத்துக்குள் இறங்கிப் படம் எடுப்பவர்களிடம் விவசாயிகள் சிறு தொகை கேட்பது பல ஆண்டு வழக்கம். வந்தவர்கள் கொடுக்கத்தான் செய்கிறார்கள்.

அதற்காகக் கதவைத் திறந்துவிட்டால் பணம் கொட்டும் என்றும் யாரும் நம்பிவிடக் கூடாது. கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் ஹாமில்டன் அருகே, போகிள் என்ற விதைப் பண்ணைக் குடும்பம் 2018 ஜூலையில் தங்கள் சூரியகாந்தி வயலைக் கட்டணத்துக்குத் திறந்தது. படங்கள் இன்ஸ்டாகிராமில் பரவி, ஒரு சனிக்கிழமை ஆயிரக்கணக்கான கார்கள் வந்து சாலையை அடைத்தன. போலீஸ் தலையிட, திறந்த சில நாட்களிலேயே வயலை மூடிவிட்டார்கள். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பியேய் என்ற ஊர். அங்கே ஒரு விவசாயியின் நிலத்தில் சாய்ந்து நின்ற ஒற்றை மரம் உலகப் புகழ் பெற்றிருந்தது. படம் எடுக்க வந்தவர்கள் பயிரை மிதித்துக்கொண்டு போனதை எத்தனை எச்சரிக்கைப் பலகை வைத்தும் நிறுத்த முடியவில்லை. 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரர் அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்தார். வயோதிக மரம், எப்படியும் விழப்போகிறது என்பதும் ஒரு காரணம். ஆனாலும் ஒரு விவசாயியை அந்த முடிவுக்குத் தள்ளிய வெறுப்பை நம் ஊரில் வளரவிடக் கூடாது.

ஆகவே இதைத் தனியொரு சம்சாரியின் தலையில் கட்டாமல், பேரூராட்சியும் வயல்காரர்களும் சேர்ந்து செய்ய வேண்டும். கார் நிறுத்த அறுவடை முடிந்த ஒரு தரிசு. பெண்கள் பயன்படுத்தும்படியான கழிப்பறை. இது இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை. வயலுக்குள் இறங்குவதற்குப் பதில், நடந்துபோக வரப்பை ஒட்டிக் கயிறு கட்டிய ஒரு பாதை. மலையோடு சேர்த்துப் பார்க்க மூங்கிலில் ஒரு பரண். சீட்டுக் காசில் பெரும்பங்கு அந்தந்த வயல்காரருக்கு, மீதி குப்பை அள்ளுபவர் கூலிக்கு. சுய உதவிக் குழுப் பெண்கள் கருப்பட்டிக் காபியும் சுண்டலும் விற்கலாம். இதில் எதற்கும் பெருமுதலாளி தேவையில்லை. தேவைப்படாதவரைதான் காசு ஊரில் நிற்கும்.

நேரத்தையும் பிரித்துவிடலாம். எல்லோரும் மாலையிலேயே வந்து குவிகிறார்கள். ஆனால் அந்தியில் கிழக்கு பார்த்த பூவின் முகம் நிழலில் விழுந்துவிடுகிறது. வெளிச்சம் அதன் முதுகில்தான். காலை ஏழு மணிக்கு வருபவருக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், பூவின் முகம் முழு வெளிச்சத்தில் இருக்கும், பின்னால் மலையில் மேகம் இறங்கிக் கிடக்கும். தேனீக்கள் வேலை செய்யும் நேரம் அது; வரப்பைத் தாண்டாமல் நிற்பதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

ரம் பற்றிப் பேசிய இடத்தில் பாட்டிலைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். கரீபியன் படகில் குடித்த கோப்பையைப் படகுக்காரர் திரும்ப வாங்கி வைத்துக்கொள்கிறார். இங்கே அருவிக்கரையிலும் வயலோரத்திலும் குடிப்பவர்கள் பாட்டிலை அங்கேயே எறிகிறார்கள், சிலர் உடைத்தும் எறிகிறார்கள். சூரியகாந்தி வயலில் களை பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் வெறுங்கால். கண்ணாடி கிழித்த காயம் ஆறிவிடும் என்றாலும் நான்கு நாள் கூலி போய்விடும். உடைந்த பாட்டில் யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதால், 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை தொடங்கியது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. களை பறிக்கும் அம்மாவின் காலும் யானையின் காலைப் போலவே காக்கப்பட வேண்டியது. பூக்காலத்தில் இந்த வட்டாரத்தில் சாலையோரக் குடியைப் போலீஸ் கண்டிப்போடு தடுக்க வேண்டும்.

1990-களின் முற்பகுதியில் இந்தியாவில் இருபது லட்சம் ஹெக்டேருக்கு மேல் சூரியகாந்தி இருந்தது. அது சில லட்சமாகச் சுருங்கிவிட்டது. நம் சமையலறைச் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-ல் உக்ரைனில் போர் மூண்டபோது இங்கே எண்ணெய் விலை எகிறியது அதனால்தான். சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, சாம்பவர்வடகரைப் பக்கத்துச் சம்சாரிகள் இன்னும் இதை விதைக்கிறார்கள். வேறு பயிர் அதிகம் கொடுத்தால் அதற்கு மாறிவிட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மாறிவிட்டால் அந்தச் சாலையில் நிறுத்திப் பார்க்க எதுவும் இருக்காது.

விதை ஊன்றியதிலிருந்து பூ விரிய ஐம்பத்தைந்து முதல் அறுபத்தைந்து நாள். பேரூராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கயிறு கட்டவும், தரிசைச் சமன்படுத்தவும், கழிப்பறை வைக்கவும், வயல்காரர்களை ஒரு கூட்டத்தில் உட்கார வைத்துப் பங்கைப் பேசி முடிக்கவும் கிடைக்கும் நாளும் அதுதான். வைகாசியில் முதல் ஏர் இறங்கும் அன்றே அந்தக் கூட்டத்தைக் கூட்டிவிட வேண்டும்.