முகாம் முடிந்த மறுநாள்

‘பிளாஸ்டிக் சர்ஜரி’ என்ற தொடரைக் கேட்டதும் நடிகையரின் மூக்கை நினைக்கும் வழக்கம் கற்றறிந்தோரிடமும் உண்டு. நெகிழிப் பொருளை உடலுக்குள் வைத்துத் தைப்பார்கள் என்று நம்புவோரும் உளர். உண்மையில் இச்சொல் நெகிழிக்கு மூத்தது. ஜெர்மானிய மருத்துவர் எட்வர்ட் ட்சைஸ் 1838இலேயே தம் நூலின் தலைப்பில் அதனை ஆண்டார். பேக்கலைட் பிறந்தது 1907இல். வனைதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து வந்தது அது. பெயரைப் பிழைபடப் புரிந்துகொண்ட சமூகம் தொழிலையும் பிழைபடவே மதிப்பிடுகிறது: நடந்த அறுவைகளை எண்ணுகிறது, அறுவைக்குப் பின் அம்மனிதர் என்ன ஆனார் என்று கேட்பதில்லை.

1914இல் பிறந்த பால் பிராண்டின் பணிவாழ்க்கையை இந்த அளவுகோலால் அளக்க முடியாது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், செயலிழக்காத தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தி, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அந்நோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. வலியுணர்வை இழந்த கைகள் கவனிக்கப்படாத காயங்களாலும் தீப்புண்களாலுமே தேய்கின்றன என்று அவர் காட்டினார். நோயாளிகளின் அன்றாடத்தை அருகிருந்து கவனித்தவருக்கே கிட்டும் அறிவு இது. நிமிர்ந்த கைக்கும் வேலை தர ஆளில்லை என்று கண்டபின், தொழில் பயிற்றும் ‘நவஜீவ நிலையம்’ ஒன்றை உருவாக்கினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில்லுக்குச் செல்லும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள் இங்கே தங்கியதே அவரது சாதனையின் அடிப்படை.

இந்த வரலாற்றோடு அந்தமான் நிக்கோபாரை வைத்துப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அங்கு 3.8 லட்சம் மக்கள். தீவுகளின் பரிந்துரை மருத்துவமனையான ஜி.பி. பந்த், போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) உள்ளது. சென்னை அங்கிருந்து ஏறத்தாழ 1,360 கி.மீ.; கிரேட் நிக்கோபாரின் கேம்பெல் பேயும் 500 கி.மீ.க்கு அப்பால். மக்கள்தொகை குறைவு, நோயாளிகளும் சிலரே, ஆகவே நிலப்பகுதி வல்லுநர்கள் வந்துபோகும் முகாம்கள் போதும் என்பது ஒரு வாதம். அரிதான, சிக்கலான அறுவைகளுக்கு அது பொருந்தலாம். மறுசீரமைப்பு மருத்துவம் முழுமைக்கும் பொருந்தாது. தீப்புண் தழும்பால் மடங்கிய குழந்தையின் கையை ஒரே நாளில் விடுவிக்கலாம். ஒட்டிய தோல் சுருங்காதிருக்க மாதக்கணக்கில் கட்டும் பயிற்சியும் தேவை. குழந்தை வளரும், தழும்பு அதற்கு ஈடாக வளராது. மீண்டும் கத்தி தேவைப்படும் நாளைக் கணிக்க, அக்கையைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவர் வேண்டும்.

அண்ணப்பிளவு இதனை இன்னும் தெளிவாக்கும். தொல்காப்பியப் பிறப்பியல் அண்ணத்தையும் மூக்கையும் ஒலி பிறக்கும் உறுப்புகளுள் வைக்கிறது. வல்லினம் ஒலிக்க வாய்க்குள் காற்று அழுத்தம் பெற வேண்டும். அண்ணம் பிளந்திருந்தால் காற்று மூக்கின் வழியே கசிகிறது. தையல் வழியை அடைக்கும். அதற்குள் குழந்தை பழகிவிட்ட பிழையொலிகளைத் தையலால் திருத்த இயலாது. அதற்குப் பேச்சுப் பயிற்சியாளர் தேவை, அதுவும் குழந்தையின் வீட்டுமொழியில். தீவுகளிலோ வீட்டுமொழி வங்காளமாக, தமிழாக, தெலுங்காக, நிக்கோபாரியாக இருக்கும். தமிழ்க் குழந்தைக்குத் தேவையில்லாத மூச்சொலி வேறுபாடு வங்காளக் குழந்தைக்குப் பொருள் வேறுபாடு. ஒரு வாரத்தில் கப்பலேறும் குழு இதில் எதைப் பயிற்றும்?

தேவை, பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் உடன் பணியாற்றும் நிலையான மறுசீரமைப்புப் பிரிவு. 2015 முதல் மருத்துவக் கல்லூரி இயங்கும் ஊரில் இக்கோரிக்கை மிகையன்று. அங்கே சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றும் மருத்துவருக்கு அக்காலம் பதவி உயர்வில் இழப்பாகாமல் தகுதியாக எண்ணப்பட வேண்டும். அதுவரை முகாம்கள் நடக்கட்டும். ஆனால் ஒவ்வொரு முகாம் அறிக்கையிலும், அறுவைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், ஓராண்டுக்குப் பின் எத்தனை கைகள் எழுதுகோல் பிடிக்கின்றன, எத்தனை குழந்தைகளின் பேச்சு அயலாருக்குப் புரிகிறது என்ற இரண்டு எண்களும் இருந்தாக வேண்டும்.