தலை ஈற்றுக்கு எந்த ஊசி?

'ஜெர்சி கலப்பினக் கிடேரி பருவத்துக்கு வந்திருக்கிறது. உருவத்தில் சிறியது. பால் கூடும் என்று ஹெச்.எஃப் சினை ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா?'

- வாசகி, மணப்பாறை.

தலை ஈற்றுக்கு வேண்டாம். கன்றின் பிறப்பு எடையில் இனத்துக்கும் காளைக்கும் பெரிய பங்கு உண்டு. தூய ஜெர்சி கன்று சுமார் 25 கிலோவில் பிறக்கும், ஹெச்.எஃப் கன்று 40 கிலோ வரை இருக்கும். அதிலும் பெண் கன்றைவிடக் காளைக் கன்று சற்றுக் கனம். கிடேரியின் இடுப்பெலும்பு குறுகலாக இருந்து, கன்று பெரிதாக இருந்தால் ஈனும்போது சிக்கிக்கொள்ளும். தாய், கன்று இரண்டையுமே இழக்க நேரலாம்.

கிடேரி 250 கிலோ எடையை எட்டிய பிறகு ஜெர்சி ஊசி போடுங்கள். ஊசி போட்ட தேதியையும் காளையின் எண்ணையும் குறித்து வையுங்கள். பிறக்கும் பெண் கன்றுக்குப் பின்னாளில் அதே காளையின் ஊசியைப் போடாமல் தவிர்க்க அது உதவும்.

கன்று பெருத்துவிடும் என்று பயந்து கடைசி இரண்டு மாதங்களில் தீவனத்தைக் குறைக்கக் கூடாது. தாய்க்கு ஈனத் தெம்பு இருக்காது; சீம்பாலும் குறையும்.

பனிக்குடம் உடைந்து இரண்டு மணி நேரத்துக்குள் கன்று வெளிவராவிட்டால், கயிறு கட்டி இழுக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.