ஜன்னல்வரை நம் கை

போன மாதம் காலை நிகழ்ச்சிக்கு நேயர் ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். கல்யாணமாகி ஆறு மாதம். பழைய மூவறை வீவக வீடு வாங்கியிருக்கிறார். “வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் முழு வீட்டுக்கும் ஹீட்டிங், கூலிங் ரெண்டையும் அவங்களே மாட்டிக்கிறாங்க. நானும் கொஞ்சம் கைவேலை தெரிஞ்சவன்தான். நானே செஞ்சா சில நூறு வெள்ளியாவது மிஞ்சும்ல?” என்பது அவருடைய கேள்வி.

அதற்குப் பிறகு இதே கேள்வியை இன்னும் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். வீட்டுக் கடன், குழந்தையின் பால்மாவு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று கணக்குப் போடும் இளங்குடும்பங்களுக்குச் சில நூறு வெள்ளி சின்னத் தொகை இல்லை. அதனால் நிகழ்ச்சியில் சொன்னதைவிட விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஹீட்டிங் பற்றி நமக்குக் கவலை இல்லை. சிங்கப்பூரில் நாம் சூடாக்குவது குளியலறைத் தண்ணீரை மட்டும்தான். குளிரூட்டல்தான் பிரச்சினை. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. அதற்கு முன்பு அதே 37 டிகிரி பதிவானது 1983 ஏப்ரலில், தெங்காவில்.

இப்போது முழு வீட்டுக்கும் பொதுவான குளிரூட்டல் வந்திருப்பதும் அதே தெங்காவில்தான். சில புளோக்குகளின் மொட்டைமாடியில் பெரிய இயந்திரங்கள் தண்ணீரைக் குளிரவைக்கின்றன. அந்தத் தண்ணீர் குழாய் வழியாக வீடுகளுக்கு வருகிறது. வீட்டுக்கு வெளியே தனி கம்ப்ரஸர் கிடையாது. எஸ்பி குழுமம் நடத்தும் இந்தத் திட்டத்தில் முதல் வீடுகளுக்கு 2023ல் ஆட்கள் குடிவந்தபோது, சில வீடுகளில் தண்ணீர் ஒழுகுகிறது, குழாய்ப் பெட்டியில் நீர்த்துளி கோக்கிறது என்று புகார்கள் செய்திகளில் வந்தன. பெரிய நிறுவனத்துக்கே சவாலான வேலை இது என்பதற்காக அதைச் சொல்கிறேன்.

மற்ற வீவக வீடுகளில் சென்ட்ரல் என்றால் நமக்குத் தெரிந்த ‘சிஸ்டம் 3’தான். வெளியே ஒரு கம்ப்ரஸர், உள்ளே மூன்று அறைகளுக்கு மூன்று பெட்டிகள். இதில் எதை நாமே செய்யலாம், எதைச் செய்யக்கூடாது? நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. ஜன்னலுக்கு உள்ளே யோசிப்பதும் பராமரிப்பதும் நம் வேலை. ஜன்னலுக்கு வெளியே இருப்பதும், எரிவாயுக் குழாயும், மின்கம்பியும் பயிற்சி பெற்றவர் வேலை.

முதலில் நம் வேலை. இயந்திரம் வாங்கும் முன் வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். மாலை வெயில் படும் ஜன்னலுக்குக் கனமான திரையோ வெயில் தடுக்கும் படலமோ போட்டால் அறையின் சுமை குறையும். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளைக் கவனியுங்கள். ஐந்தடி நடைபாதை வெயிலைத் தடுக்கிறது. வீட்டு நடுவே உள்ள திறந்த முற்றம் சூடான காற்றை மேலே அனுப்பிவிடுகிறது. மின்சாரம் இல்லாத காலத்து ஏர்கோன் அது. நம் அடுக்குமாடி வீட்டில் முற்றம் இல்லை. ஆனால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஒரு மின்விசிறியைச் சரியான இடத்தில் வைத்தாலே பல இரவுகளை ஓட்டலாம்.

அடுத்தது அளவு. சிறிய படுக்கையறைக்குப் பொதுவாக 9,000 பிடியு போதும். 12,000 பிடியு என்பது ஒரு ‘டன்’, சுமார் 3.5 கிலோவாட் குளிர். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை வைத்து வந்த அளவு அது. பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைக்காதீர்கள். தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது. குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். 1902ல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன குளிரூட்டியை வடிவமைத்ததே நியூயார்க்கில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான்.

குழாய் போகும் வழியையும் நீங்களே தாளில் வரைந்து வையுங்கள். தண்ணீர் வடியும் குழாய் குளியலறைவரை சரிவாகப் போகவேண்டும். சரிவு இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் சுவரில் கறை விழும். மெயின் சுவிட்சையும் பாருங்கள். 1994க்கு முன் கட்டிய சில வீவக வீடுகளில் அது 30 ஆம்பியராக இருக்கும். 40க்கு மாற்றவேண்டி வந்தால் உரிமம் பெற்ற மின் ஊழியரிடம்தான் போகவேண்டும்.

இனி நாம் கைவைக்கக் கூடாதது. தேவையான கருவிகள் ஜாலான் புசார் பக்கமோ இணையத்திலோ கிடைத்துவிடும். கருவி கிடைப்பதால் வேலை வந்துவிடாது. 2022 அக்டோபர் முதல் புவி வெப்பமாதல் அளவு 750க்கு மேல் உள்ள வாயு நிரப்பிய வீட்டுக் குளிரூட்டிகளைப் புதிதாக விற்க இங்கு அனுமதி இல்லை. அதனால் இன்று கடையில் பார்ப்பது பெரும்பாலும் ஆர்32. சுற்றுச்சூழலுக்கு முந்தையதைவிட நல்லது. ஆனால் லேசாகத் தீப்பற்றக்கூடியது. செம்புக் குழாயை இணைத்தபின் உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகே வாயுவைத் திறந்துவிட வேண்டும். குழாயில் காற்று கலந்திருக்கும்போது கம்ப்ரஸர் ஓடினால் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். அப்படிப்பட்ட விபத்துகள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

அதைவிடப் பெரியது, வெளியே தொங்கும் பெட்டி. அதன் எடை அதிகம். கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், முதியவர்கள் நடக்கிறார்கள். அதனால்தான் வெளிப்பெட்டியைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவர்தான் பொருத்தவேண்டும் என்கிறது வீவக. அவர்கள் பட்டியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. தாங்கும் சட்டமும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கவேண்டும்.

இந்த வேலை செய்யும் ஒருவரைத் தேக்கா உணவு நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்தேன். புதுக்கோட்டைப் பக்கம். ஒன்பது வருடமாகக் குளிரூட்டி மாட்டுகிறார். வேலையில் எது கஷ்டம் என்று கேட்டேன்.

“வெயில், உயரம் எல்லாம் பழகிடுச்சுக்கா. அவசரம்தான் கஷ்டம். பெல்ட்ட மாட்டி, கயித்த எங்க கட்டுறதுன்னு பாக்கவே பத்து நிமிஷம் ஆகும். சில வீட்டுல உள்ள நுழையும்போதே எத்தன மணிக்கு முடியும்னு கேப்பாங்க. கம்மி ரேட்டுக்கு எடுத்த வேலைன்னா ஒரே நாள்ல மூணு வீடு முடிக்கணும். அப்ப அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வரும்?”

எனக்கு அந்தக் கேள்விதான் விலைப்பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. ஒருவர் மற்றவர்களைவிட ரொம்பக் குறைவாகச் சொன்னால், அந்த வித்தியாசம் எங்கோ ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. குழாயின் கனத்தில் இருக்கலாம், இன்சுலேஷனில் இருக்கலாம், பம்ப் ஓடும் நேரத்தில் இருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே இறங்கும் ஒரு மனிதரின் பத்து நிமிடத்திலும் இருக்கலாம்.

ஆகவே, பேரம் பேசுங்கள். ஆனால் சரியான இடத்தில் பேசுங்கள். செம்புக் குழாயின் கனம் என்ன, இன்சுலேஷன் எத்தனை மில்லிமீட்டர், பம்ப் எவ்வளவு நேரம் ஓடும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயுவைத் திறக்கும் முன் அழுத்தமானியைக் காட்டச் சொல்லுங்கள். மிச்சம் பிடிக்க வேறு வழிகளும் உண்டு. வீவக குடும்பங்களுக்கு 2024ல் 300 வெள்ளியும் 2025ல் மேலும் 100 வெள்ளியும் பருவநிலைப் பற்றுச்சீட்டாகக் கிடைத்தன. தகுதி பெற்ற குளிரூட்டிக்கும் டிசி மின்விசிறிக்கும் அதைப் பயன்படுத்தலாம். 2027 டிசம்பர் 31வரை செல்லும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியை நீங்களே கழுவுங்கள். 25 டிகிரியில் வைத்து விசிறியையும் போடுங்கள். மாதாமாதம் மின்கட்டணத்தில் மிஞ்சுவதைச் சேர்த்துப் பார்த்தால், பொருத்தும் கூலியில் மிச்சம் பிடிக்க நினைத்தது கொஞ்ச காலத்தில் கைக்கு வந்துவிடும்.

பொருத்தும் நாளுக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் பக்கம் உள்ள கட்டிலையும் அலமாரியையும் முதல் நாள் இரவே நகர்த்தி வையுங்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “மெதுவாவே செய்யுங்க தம்பி, அவசரம் இல்ல” என்று சொல்லுங்கள்.