விலக்கு துப்பாக்கிக்குத்தான், முயலுக்கு இல்லை

ஏர் கன்னால் முயலும் கௌதாரியும் சுடுவது குற்றமே அல்ல என்று சென்ற இதழில் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சட்டம், மரபு, விவசாயி, கருணை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. துப்பாக்கியைப் பற்றி அவருக்கு நிறையவே தெரிந்திருக்கிறது. எந்த பெல்லட் எவ்வளவு தூரம் நேராகப் போகும் என்பதில் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கைச் சட்டப் புத்தகத்தின் மேல் காட்டியிருந்தால், அந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டார்.

அவர் வாதம் மொத்தமும் ஒரே விதியை நம்பி நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கும் (4.5 மி.மீ.) ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. சரிதான், மறுக்கவில்லை. அங்கிருந்து ஒரே தாவலில் "ஆகவே வேட்டையாடலாம்" என்று போய் இறங்குகிறார். அரிவாள் வைத்திருக்கவும் யாரும் உரிமம் கேட்பதில்லை. யார் மேல் வீசினாய் என்றுதான் கேட்பார்கள். ஆயுதச் சட்டம் கையில் இருப்பதைப் பார்க்கிறது. குழல் எதை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நான்கு பக்கத்தில் ஓரிடத்திலாவது அதன் பெயர் வருகிறதா என்று இரண்டு முறை தேடிவிட்டேன்.

இதில் இன்னொரு கூத்து. கட்டுரையின் நடுவில், முயலுக்கு 0.22 துளைதான் தோது என்று சிபாரிசு செய்கிறார். அந்தத் துளைக்கு அவர் கொண்டாடும் விலக்கே கிடையாது, உரிமம் வேண்டும். தான் காட்டிய விதியை மூன்றாம் பக்கத்தில் தானே மறந்துபோகிறவரிடம்தான் வாசகர்கள் சட்ட ஆலோசனை கேட்கவேண்டுமாம்.

'சிறு வேட்டை'யைச் சட்டம் கண்டுகொள்வதில்லை என்பது அடுத்த அளப்பு. கண்டுகொண்டது மட்டுமல்ல, பெயரிட்டே எழுதியிருந்தது. 1972-இல் சட்டம் வந்தபோது பெருவேட்டை, சிறுவேட்டை என்று பிரித்து, சிறு பிராணிகளுக்கென்றே தனி அட்டவணையும் தனி உரிமமும் வைத்திருந்தார்கள். அந்த உரிம முறையை 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. இவர் பிறப்புரிமை போலப் பேசும் இந்தச் சமாசாரம், அனுமதி வாங்கிச் செய்யக்கூடிய ஒன்றாகக்கூட முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இல்லை. 2022-இல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகச் சுருங்கின. நம் கொல்லைக்காட்டு முயலும், கௌதாரியும், மணிப்புறாவும் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. ஒன்பதாம் பிரிவு இவற்றின் வேட்டையைத் தடை செய்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பட்டா நிலத்தில் சுட்டால் யார் கேட்பது என்கிறார். சட்டம்தான் கேட்கும். தடை காப்புக்காட்டுக்கு மட்டும் போட்டதல்ல. முயல் யார் வரப்பில் படுத்திருந்தாலும் அது வனவிலங்கு, கொன்றால் அரசுச் சொத்து. குறி தப்பினால் குற்றமில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 'வேட்டை' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் கொல்வதும் பிடிப்பதும் கண்ணி வைப்பதும் இருக்கின்றன. அதற்கான முயற்சியும் இருக்கிறது. கறி கையில் சிக்கினால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவருடையது. ஓட்டலில் காடை வறுவல் விற்கிறார்களே என்று கேட்பவர்களுக்கு: தட்டில் வருவது பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை.

விவசாயியின் தோளில் துப்பாக்கியை வைத்து அவர் சுடும் இடத்துக்கு வருவோம். எனக்கு அதிகம் கோபம் வந்தது அங்கேதான். பயிர் அழிவு பொய்யல்ல. முயல் பயறு நாற்றைக் கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கிராமத்தில் போய் விசாரித்தால் முதலில் வருவது முயல் பெயரா? காட்டுப்பன்றி, மயில், மலையடிவாரமானால் யானை. 4.5 மி.மீ. பெல்லட் பட்டால் பன்றி ஒருமுறை திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். மயில் முதல் அட்டவணை. அதைச் சுட்டால் குறைந்தபட்சமே மூன்றாண்டு சிறை. மிச்சம் இருப்பவை முயலும் கௌதாரியும். கௌதாரி வயலில் கறையானையும் பூச்சியையும் கொத்தித் தின்னும் பறவை. பயிருக்காக என்று சொல்லி, பயிரை அதிகம் அழிக்காத, ருசியான இரண்டை மட்டும் இவர் பொறுக்கி எடுத்திருப்பது தற்செயலா?

உண்மையில் பயிருக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. பதினோராம் பிரிவின்படி, நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்ட இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த அலுவலரோ காரணம் குறிப்பிட்டு எழுத்துமூலம் அனுமதிக்கலாம். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காட்டெல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட வழி செய்தது. சுடும் வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது, ஸ்கோப் வாங்கியவர்களிடம் அல்ல. இந்த ஏற்பாடு மெதுவானது, போதாது என்று விவசாயி சொன்னால் நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். இழப்பீட்டுக்கு அலையவிடுவதைப் பற்றி நான்கு பக்கம் எழுதலாம். இவர் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

ஒரே குண்டில் வலியில்லாமல் சாகும் என்கிறார். அரை கிராம் ஈயம் 20 ஜூல் ஆற்றலோடு கிளம்பினால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர். அது குழல்வாயில். தூரம் போகப் போக இறங்கும். மண்டையில் சரியான இடத்தில் பட்டால் அவர் சொல்வது நடக்கலாம். இரவில், தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், நிற்குமா ஓடுமா என்று தெரியாத பிராணியின் மேல் அது எத்தனை முறை நடக்கும்? வயிற்றில் ஈயத்தோடு புதருக்குள் போய்ச் சாகிற முயலை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

மரபு என்றதும் நரிக்குறவர்களை இழுத்துவருகிறார். வேட்டைத் தடையால் பிழைப்பையே இழந்தவர்கள் அவர்கள். அந்த இழப்பு பேசப்படவேண்டியது, பேசவேண்டியவர்களும் அவர்கள்தான். விலையுயர்ந்த ரைஃபிளோடு வார இறுதியில் காரில் போகிறவர் அவர்கள் பெயரைக் கேடயமாகத் தூக்கக்கூடாது. வேட்டை மரபு நம்மைவிட ஆழமாக ஓடும் அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். நம் ஊர் மரபுதான் வேண்டுமென்றால் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரர்கள் சுடுவதை எதிர்த்து, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள் ஊரார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. விவசாயியும் மரபும் அங்கே ஒரே பக்கம் நின்றார்கள், துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம்.

இங்கிலாந்தில் ஏர் ரைஃபிளால் முயல் சுடுகிறார்களே என்கிறார். சுடுகிறார்கள். அது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட, வளை தோண்டிப் பெருகுகிற வேறு முயல். அந்த நாட்டுச் சட்டமும் வேறு. ஸ்காட்லாந்தில் 2016 முடிவிலிருந்து ஏர் கன் வைத்திருக்கவே சான்றிதழ் வேண்டும் என்பதை ஏனோ அவர் சொல்லவில்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தி, புதிதாகத் தொடங்கும் இளைஞர்களுக்கான அறிவுரை: எந்த நேரம் கிளம்புவது, எங்கே பதுங்குவது, எந்த பெல்லட் வாங்குவது. நாளைக்கு அதைப் படித்த ஒரு பையன் கம்மங்காட்டில் பிடிபட்டால், சட்டம் தெரியாது என்பது அவனுக்கு விடுதலை வாங்கித் தராது. வழக்கு அவன் பெயரில் பதிவாகும், துப்பாக்கியும் பைக்கும் பறிமுதலாகும். கட்டுரையாளர் பெயர் அந்தக் காகிதத்தில் எங்கும் இருக்காது.