மேடை முழக்கம் மனு ஆகாது!



நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் மளிகை மொத்த வியாபாரி. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் பாக்கி என்று சரக்குக் கொடுத்தவர் அவர் மீது வழக்குப் போட்டார். அதில் ஒன்றரை லட்சத்தை நம் சகோதரர் முன்பே கட்டிவிட்டார். கையில் ரசீதும் இருந்தது. ஆனாலும் முழுத் தொகைக்கும் தீர்ப்பாகிவிட்டது. ஏன்?

நீதிபதி அநியாயம் செய்தாரா? இல்லை. எதிர்த்தரப்பு சூழ்ச்சி செய்ததா? அதுவும் இல்லை. இவர் தாக்கல் செய்த எதிர்வழக்குரையில், 'பிராதில் கண்ட சங்கதிகள் அனைத்தும் பொய்' என்று ஒரே ஒரு வரி! பணம் கட்டிய விபரம் எங்குமே இல்லை. விசாரணையில் ரசீதை நீட்டியபோது, 'எழுத்தில் சொல்லாததை இப்போது சொல்ல முடியாது' என்று எதிர்த்தரப்பு மறித்தது. எதிர்வழக்குரையின் அடியில் இருந்த கையெழுத்து யாருடையது? அவருடையதுதான். படித்துப் பார்த்தாரா? "குமாஸ்தா காட்டிய இடத்தில் போட்டேன் ஹஜ்ரத்" என்கிறார்!

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். கடையே பறிபோகும் காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். இது விதியா? இல்லை, நம்முடைய அலட்சியம்!

என் கதையும் இதுதான்

பிறரைச் சொல்லுமுன் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் பகுதி இளைஞர்கள் தாக்கப்பட்டபோது நான்தான் புகார் எழுதினேன். நான்கு பக்கம்! அக்கிரமம், அராஜகம், வெறியாட்டம் என்று வார்த்தைகள் அனல் பறந்தன. வாங்கிப் படித்த வழக்கறிஞர் கேட்டார்: "ஹஜ்ரத், எந்தத் தேதி? எத்தனை மணி? எந்த இடம்? அடித்தது யார்? எதைக் கொண்டு அடித்தார்? பார்த்தவர் யார்?" நான்கு பக்கத்தில் ஒன்றுக்குக் கூட விடை இல்லை. அவர் என் அனலையெல்லாம் அடித்துவிட்டு ஒன்றேகால் பக்கத்தில் எழுதினார். அந்தப் புகார்தான் வழக்காகப் பதிவானது. மேடைக்கு ஆவேசம் வேண்டும். மனுவுக்குத் தேதி வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1908ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 6, 7, 8ஆம் கட்டளைகளைப் படித்துப் பாருங்கள். முக்கியமான சங்கதிகளை மட்டும், சுருக்கமாக, வரிசை எண் போட்ட பத்திகளில் எழுத வேண்டும். தேதியையும் தொகையையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். பிராதில் யார் மீது வழக்கு, வழக்கு மூலம் எப்போது உண்டானது, இந்தக் கோர்ட்டுக்கு ஏன் அதிகாரம், கேட்கும் பரிகாரம் என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

எதிர்வழக்குரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். காரணம் காட்டினால் கோர்ட் 90 நாள் வரை அனுமதிக்கலாம். பொத்தாம் பொதுவாக மறுத்தால் போதாது. ஒவ்வொரு சங்கதியையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். 'இவர் ஒரு லட்சம் வாங்கினார்' என்று பிராது சொன்னால், 'ஒரு லட்சம் வாங்கவில்லை' என்று எழுதுவது மழுப்பல். 'அந்தத் தொகையையோ அதில் எந்தப் பகுதியையோ வாங்கவில்லை' என்று எழுத வேண்டும். கொஞ்சம் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை ஒரு கடையின் விலை!

கடைசியில் இருப்பது உறுதிமொழி. எந்தெந்தப் பத்தி நானே அறிந்தது, எது பிறர் சொல்லி உண்மையென்று நம்புவது என்று பிரித்துக் கையெழுத்திட வேண்டும். படிக்காமலே 'நான் அறிய உண்மை' என்று கையெழுத்துப் போடுகிறவர் எதைச் சாட்சி சொல்கிறார்? பொய்ச் சாட்சியத்துக்கு அஞ்சும் சமுதாயம் இதற்கு அஞ்ச வேண்டாமா?

வியாபாரிகளே! செக் திரும்பி வந்தால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் செக்கில் உள்ள தொகையைத் துல்லியமாகக் கேட்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்தும் 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். கடனுக்கு விற்ற சரக்கின் விலையைக் கேட்க மூன்று வருடம்தான் காலவரம்பு. அதற்குள் பாக்கிக்காரரிடம் கையெழுத்தோடு ஒப்புதல் எழுதி வாங்கினால் கணக்கு அந்தத் தேதியிலிருந்து மறுபடி தொடங்கும். எத்தனை பேர் வாங்கி வைத்திருக்கிறோம்?

இளைஞர்களே! காவல் நிலையம் புகாரைப் பதிவு செய்ய மறுத்தால் உடனே கோஷம்தானா? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்ப வழி வைத்திருக்கிறது. அதுவும் பலிக்காவிட்டால் 175ஆம் பிரிவில் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் ரசீதைப் பத்திரப்படுத்தாதவன் அங்கே எதைக் காட்டுவான்?

'வக்கீல் எதற்கு இருக்கிறார்?'

இப்படிக் கேட்பார்கள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். உங்கள் கல்லாப்பெட்டிக் கணக்கு தெரியுமா? சங்கதியைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். வக்கீலை ஒதுக்கச் சொல்லவில்லை. பிறர் வழக்கை நாம் நடத்தவும் முடியாது. அவர் மேஜைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள் என்கிறோம்.

குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையைப் பற்றியதா? இல்லை, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது! தவணையோடு எழுதவும், கடன்பட்டவரே வாசகம் சொல்லவும், சிறிய தொகையானாலும் எழுதச் சலிக்காதிருக்கவும் அது கட்டளையிடுகிறது. அதை ராகத்தோடு ஓதுகிறோம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தும் போடுகிறோம்!

என்ன செய்யலாம்? ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு இளைஞர்கள் முன்வாருங்கள். முடிந்துபோன வழக்கு ஒன்றின் பிராதையும் எதிர்வழக்குரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தப் பத்திக்குப் பதில் இல்லை என்று குறியுங்கள். பிறகு சொந்தத் தகராறு ஒன்றுக்குத் தேதிவாரிப் பட்டியல் எழுதுங்கள். ஒரு தேதிக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு ஓர் ஆதாரம். எழுதியதை வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். பத்து முறை செய்தால் கை படிந்துவிடும்.

அடுத்த முறை குமாஸ்தா விரலால் இடம் காட்டும்போது பேனாவை மூடி வையுங்கள். "முதலில் படித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். உரிமைப் போராட்டம் அங்கேதான் தொடங்குகிறது!